கேட்காமல் அச்சான படம்: இணையத்தில் வரைபவர்களுக்கான கேள்வி பதில்

பொங்கல், மகளிர் தினம், பாரதி நினைவு நாள் என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் ஓவியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதே புலம்பல் தொடங்கிவிடும். இன்ஸ்டாகிராமில் போட்ட படம் காலைப் பத்திரிகையின் இணைப்பிதழில் அரைப்பக்கத்துக்கு வந்திருக்கும். மூலையில் இருந்த கையெழுத்து வெட்டுப்பட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘படம்: இணையம்’ என்று இருக்கும். வரைந்தவருக்கு விஷயமே யாரோ ஒரு உறவினர் போட்டோ எடுத்து அனுப்பித்தான் தெரியவரும்.

இப்படி மாட்டிக்கொண்ட ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இந்தியச் சட்டத்தை வைத்தே பேசுகிறேன். வழக்கு வரைக்கும் போகிறவர்கள் இதோடு நிற்காமல் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டாகிவிட்டது. அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்தானே?

எடுக்க முடியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தை நீங்களாக வரைந்து முடித்ததுமே அதன் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அதைப் பிரதி எடுப்பது, அச்சிட்டு வெளியிடுவது, பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது எல்லாம் உங்கள் அனுமதியோடுதான் நடக்க வேண்டும். இந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்க இருக்கும். அதற்குப் பிறகும் 60 ஆண்டுகள் வாரிசுகளிடம் இருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் இதே கணக்குதான்.

‘இது என்ன பெரிய ரவிவர்மா படமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஓவியம், வரைபடம், புகைப்படம் ஆகியவற்றில் கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை கலைப்படைப்புகளே என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஐபேடில் அரைமணி நேரத்தில் போட்ட கோட்டோவியத்துக்கும் அதே பாதுகாப்புதான்.

நான் எங்கேயும் பதிவு செய்யவில்லையே?

தேவையில்லை. பதிவு கட்டாயம் அல்ல, © குறியும் கட்டாயம் அல்ல. ஆனால் பதிவு செய்திருந்தால், பதிவேட்டில் உள்ள விவரத்தை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக எடுத்துக்கொள்ளும். ஒரு கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். வரைகிற எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதிகம் பகிரப்படும் படங்களையும் தொடர்களையும் மட்டும் செய்தால் போதும்.

பதிவைவிட எளிதான ஒரு காரியம் இருக்கிறது. படத்தில் கையெழுத்துப் போடுங்கள். படைப்பின்மேல் யார் பெயர் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கப்படும் வரை அவரையே படைப்பாளி என்று கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஓரத்தில் போட்டால் ஒரு நொடியில் வெட்டிவிடுவார்கள். உருவத்தின் மடிப்பிலோ, புடவைக் கரையிலோ, மரத்தின் அடியிலோ, வெட்டினால் படமே கெட்டுப்போகிற இடமாகப் பார்த்துப் போடுங்கள். அடுக்குகளுடன் உள்ள மூலக் கோப்பையும் முதல் கிறுக்கல்களையும் அழிக்காதீர்கள். சண்டை என்று வந்தால் அவற்றைவிட நல்ல சாட்சி கிடையாது.

கணக்குத் தொடங்கும்போதே உரிமையை எல்லாம் அந்தத் தளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம் என்கிறார்களே?

தளத்துக்கு ஒரு அனுமதி கொடுத்திருக்கிறோம், உண்மைதான். நம் படத்தைச் சேமித்துவைக்கவும் காட்டவும் மற்றவர்கள் பகிர வழிசெய்யவும் அந்த அனுமதி தேவை. ஆனால் உரிமை நம்மிடமே இருக்கிறது. தளத்துக்குக் கொடுத்த அனுமதி பத்திரிகைக்குக் கொடுத்ததாக ஆகாது. இந்தக் கேள்வி நியூயார்க் நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்திருக்கிறது. நம் ஊர் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது என்றாலும் ஒவ்வொரு ஓவியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் பெரும் நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் இருந்த டேனியல் மோரெல் என்ற ஹைட்டிப் புகைப்படக்காரர், இடிபாடுகளுக்கு நடுவே எடுத்த படங்களை அன்று மாலையே ட்விட்பிக் என்ற படம் பகிரும் தளம் வழியாக ட்விட்டரில் போட்டார். விற்கலாம் என்பதும் ஒரு காரணம். படம் எடுப்பதுதான் அவர் தொழில். சிறிது நேரத்தில் டொமினிகன் குடியரசைச் சேர்ந்த ஒருவர் அந்தப் படங்களை எடுத்துத் தன் படங்களைப் போலத் தன் கணக்கில் போட்டுக்கொண்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அங்கிருந்து 8 படங்களை எடுத்து, அந்த ஆளின் பெயரோடு, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் வழியாக உலகம் முழுக்க அனுப்பிவிட்டது. பெரிய பெரிய பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் அவை வந்தன.

மோரெல் தரப்பு எதிர்த்தபோது என்ன நடந்தது தெரியுமா? ஏஎஃப்பிதான் முதலில் நீதிமன்றத்துக்குப் போனது. தாங்கள் எந்த உரிமையையும் மீறவில்லை என்று அறிவிக்கும்படி கேட்டு 2010 மார்ச்சில் அவர்மேல் வழக்குப் போட்டது. ட்விட்டரின் நிபந்தனைகளே தங்களுக்கு அனுமதி தருகின்றன என்பது அவர்கள் வாதம். அவர் பதில் வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் நீதிபதி ஆலிசன் நேதன் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார். ட்விட்டருக்குள் பகிர்வதை அந்த நிபந்தனைகள் ஊக்குவிக்கின்றன. அதனால் செய்தி நிறுவனங்கள் எடுத்து வணிகம் செய்யலாம் என்று ஆகாது என்றார். அதே ஆண்டு நவம்பரில் ஜூரி, தெரிந்தே செய்த மீறல் என்று முடிவுசெய்து, ஏஎஃப்பியும் கெட்டியும் 12 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்றது.

தவறான பெயரில் படம் வந்துவிட்டது என்று ஏஎஃப்பிக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது, திருத்தமும் அனுப்பினார்கள். ஆனாலும் கெட்டியிலிருந்து எல்லாப் பிரதிகளும் இறங்கவில்லை. ஒரு படம் கைமாறிக் கைமாறிப் போகும்போது, முதலில் எடுத்தவர் ‘சாரி’ சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று கேட்டு வாங்க வேண்டியது அதனால்தான்.

இன்ஸ்டாகிராம் பதிவை அப்படியே செய்திக்குள் பதித்து (எம்பெட் செய்து) காட்டுகிறார்களே, அதுவும் தப்பா?

அது கொஞ்சம் சிக்கல். அமெரிக்காவில் 2018-இல் ஒரு நீதிபதி, பதித்துக் காட்டினாலும் மீறலாகலாம் என்றார். வேறு நீதிமன்றங்கள், கோப்பு அந்தச் செய்தித்தளத்தின் சர்வரில் இல்லை என்றால் மீறல் இல்லை என்கின்றன. பதித்துக் காட்டுவதில் உங்கள் பெயரும் கணக்கும் கூடவே தெரியும், நீங்கள் நீக்கினால் அங்கேயும் போய்விடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது அப்படியல்ல; அது சந்தேகமே இல்லாமல் பிரதி எடுத்தல். நம் ஓவியர்கள் முதலில் பிடிக்க வேண்டியது ஸ்கிரீன்ஷாட்டையும் அச்சையும்தான்.

‘நன்றி: கூகுள்’ என்று போட்டிருந்தார்களே. அது போதாதா?

கூகுள் வரையவில்லை. அது ஒரு தேடுபொறி; அங்கே தெரிகிற ஒவ்வொரு படத்துக்கும் வேறெங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். 2011-இல் லண்டனின் டோட்டன்ஹாம் கலவரத்தின்போது, ட்விட்டரில் கிடைத்த படங்களுக்கு வெறுமனே ‘ட்விட்டரிலிருந்து’ என்று போட்டதற்காக பிபிசியிடம் கேள்வி கேட்டார்கள். ட்விட்டரில் வந்தது பொதுவெளிக்கு வந்துவிட்டது என்ற தோரணையில் முதலில் பதில் போனது. பிறகு அவர்களுடைய சமூக ஊடக ஆசிரியரே, அது எங்கள் கொள்கை அல்ல, உரிமையாளரைத் தேடி அனுமதி கேட்பதுதான் எங்கள் வழக்கம் என்று விளக்க வேண்டிவந்தது.

எனக்கு இதில் அதிகமாக வலிப்பது வேறு ஒன்று. ஓவியரின் பெயரைப் போடுவது தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் புதிய பழக்கம் அல்ல. கல்கியில் மணியம், ஆனந்த விகடனில் கோபுலு, சில்பி என்று அந்தக் கையெழுத்துகளைப் பார்த்தே எந்த ஓவியர் என்று சொல்லும் வாசகர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தார்கள். தொடர்கதையின் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே ‘ஓவியம்: இன்னார்’ என்று அச்சிட்ட ஊர் இது. படத்தை உலோக அச்சாக (பிளாக்) செய்து அச்சடித்த காலத்தில் முடிந்தது, ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் போதும் என்கிற இந்தக் காலத்தில் ஏன் முடியவில்லை?

சரி, பெயர் போட்டுவிட்டால் அனுமதி வேண்டாமா? வேண்டும். பெயர் போடுவது ஒரு கடமை, அனுமதி வாங்குவது இன்னொன்று, பணம் தருவது மூன்றாவது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றவற்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

என் கையெழுத்தையே வெட்டிவிட்டார்கள்.

அப்படியானால் அவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65பி பிரிவின்படி, படைப்பாளியின் பெயர் போன்ற உரிமை விவரங்களை, அனுமதியில்லாமல், தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். அதோடு 57-ஆம் பிரிவு, ‘இது என் படைப்பு’ என்று உரிமைகோரும் தனி உரிமையையும் தருகிறது. உரிமையை விற்ற பிறகும் அது உங்களிடமே இருக்கும்.

பெயரை நீக்குவதற்குத் தனி விலை உண்டு என்பதற்கு ஒரு வழக்கு. நியூயார்க் போஸ்ட் இதழுக்காக கிரெகரி மேங்கோ எடுத்த ஒரு புகைப்படத்தை பஸ்ஃபீட் என்ற இணையச் செய்தித்தளம் எடுத்துப் போட்டது. அவர் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர். 2019-இல் நீதிமன்றம் படத்தை எடுத்ததற்கு 3,750 டாலர், பெயரை நீக்கியதற்கு 5,000 டாலர் என்று விதித்தது. எடுத்ததைவிடப் பெயரை நீக்கியதற்கு அதிகம்.

செய்திக்காக என்றால் கேட்காமலே எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறதாமே?

பத்திரிகைக்காரர்கள் அடிக்கடி நீட்டும் சீட்டு இது. 52-ஆம் பிரிவு, நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்குவதற்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்தினால் மீறல் ஆகாது என்கிறது. ‘நியாயமான’ என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எவ்வளவு எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், மூலப் படைப்பின் சந்தையோடு அது போட்டிபோடுமா என்று பார்க்க வேண்டும் என்று 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் சிவிக் சந்திரன் வழக்கில் வகுத்துச் சொன்னது.

நடைமுறைக்கு நான் ஒரு கேள்வியைத்தான் கேட்டுப்பார்ப்பேன்: உங்கள் படம் செய்தியா, செய்திக்கு அலங்காரமா? நீங்கள் வரைந்த படத்தால் ஒரு சர்ச்சை வெடித்து அதைப் பற்றி எழுதுகிறார்கள் என்றால் படத்தைக் காட்டாமல் எழுத முடியாது. அங்கே அவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு ஓவியர் என்ற முறையிலும் அந்தச் சுதந்திரம் எனக்கு வேண்டும். ஆனால் மகளிர் தினக் கட்டுரைக்கு மேலே வெறுமையாக இருக்கிறதே என்று உங்கள் படத்தை ஒட்டினால் அது அலங்காரம். அதற்குத்தான் காலம் காலமாக ஓவியருக்குச் சன்மானம் கொடுத்து வரையச் சொல்வார்கள். அந்தச் சன்மானத்தை மிச்சம்பிடிக்க இந்த விதிவிலக்கு எழுதப்படவில்லை.

பிரிட்டனில் இன்னும் கறார். அங்கே நடப்பு நிகழ்வுகளுக்கான விதிவிலக்கிலிருந்து புகைப்படங்களைச் சட்டமே வெளியே நிறுத்திவிட்டது. செய்திப் படம் எடுத்துப் பிழைப்பவரின் படத்தைச் செய்தி என்று சொல்லியே எடுத்துக்கொண்டால் அவர் எதை விற்பார்?

என் படத்தைச் சிதைத்து, நான் ஏற்காத கருத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நிறம் மாற்றுவது, தலையை மட்டும் வெட்டுவது, சாதிப் பெருமைக் கட்டுரைக்கோ ஒரு கட்சிப் பிரசாரத்துக்கோ ஒட்டுவது எல்லாம் நடக்கிறது. உங்கள் மதிப்புக்கும் பெயருக்கும் கேடு வரும்படி படைப்பைத் திரித்தால் 57-ஆம் பிரிவின் கீழ் தடுக்கலாம், இழப்பீடும் கேட்கலாம். சிற்பி அமர்நாத் செகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய சுவர்ச் சிற்பத்தை அரசாங்கம் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் வழக்காடினார். சிற்பம் அரசின் சொத்து என்றாலும் படைப்பாளியின் இந்த உரிமை அழியாது என்று 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு சிற்பத்தையும் அவரிடம் திருப்பித் தரச் சொன்னது. பணம் கொடுத்து வாங்கிய அரசுக்கே இந்த நிலை என்றால், ஒரு ரூபாயும் கொடுக்காமல் எடுத்தவருக்கு?

நான் வரைந்தது பாரதியை. ஒரு நடிகரையும் வரைந்திருக்கிறேன். அதில் எனக்கு என்ன உரிமை?

பாரதியின் எழுத்து நாட்டுடைமை. நீங்கள் வரைந்த பாரதி உங்களுடையது. அந்த முகம் எல்லோருக்கும் பொது. உங்கள் கோடும் நிறமும் அமைப்பும் பொது அல்ல. நடிகர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: வேறொருவர் எடுத்த புகைப்படத்தையோ படத்தின் காட்சியையோ அப்படியே மேலே வைத்து வரைந்திருந்தால், முதலில் அந்தப் புகைப்படக்காரரின் அனுமதி உங்களுக்கு வேண்டும். நாம் கேட்கிற நியாயத்தை நாமும் கொடுக்க வேண்டும்.

சரி, அச்சாகிவிட்டது. முதலில் என்ன செய்வது?

முகநூலில் கோபமாகப் பதிவு போடுவதற்கு முன்னால் ஆதாரத்தைச் சேருங்கள். அச்சுப் பிரதி இரண்டு வாங்குங்கள், முழு இதழாக. எந்தப் பதிப்பு என்று பாருங்கள். மதுரைப் பதிப்பில் வந்தது சென்னையில் வந்திருக்காது. இ-பேப்பர் பக்கத்தையும் இணையதளச் செய்தியையும் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் புகார் சொன்ன அரைமணி நேரத்தில் இணையப் பக்கம் காணாமல் போய்விடும், அதனால் வேகமாகச் செய்யுங்கள். கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு வேறெங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் முதலில் பதிவிட்ட தேதி தெரியும் பக்கத்தையும் எடுத்துவையுங்கள். வழக்கு என்று போனால் மின்னணு ஆதாரங்களுக்கு 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்; வக்கீல் பார்த்துக்கொள்வார்.

யாருக்கு எழுதுவது? என்ன எழுதுவது?

இதழின் கடைசிப் பக்கத்தின் அடியிலோ உள்ளே ஒரு மூலையிலோ அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். ஆசிரியருக்கு எழுதி, வெளியீட்டாளருக்கு நகல் அனுப்புங்கள். இணையதளம் என்றால் குறைதீர்ப்பு அலுவலரின் மின்னஞ்சல் பல தளங்களில் அடியில் இருக்கும். லே-அவுட் செய்த பையனுக்கு போன் போட்டுத் திட்டாதீர்கள். அவர் கையில் எதுவும் இல்லை. படத்துக்கு நிதி ஒதுக்காமல் படம் கேட்பவர்கள் மேலே இருக்கிறார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

“ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் இதழின் … தேதியிட்ட … பதிப்பில் … பக்கத்தில் வெளியான ஓவியம் நான் வரைந்தது. … அன்று என் கணக்கில் வெளியிட்டேன். அதை வெளியிட என்னிடம் அனுமதி கேட்கப்படவில்லை. என் பெயரும் இடம்பெறவில்லை. இணையப் பதிப்பில் உடனே என் பெயரைச் சேர்க்கவும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடவும். பயன்படுத்தியதற்கான கட்டண ரசீதை இத்துடன் இணைத்துள்ளேன். இந்தப் படம் தங்கள் குழுமத்தின் வேறு இதழ்களுக்கோ பிற நிறுவனங்களுக்கோ தரப்பட்டிருந்தால் அந்த விவரமும் தேவை. 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

கெஞ்சலும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். கூடவே ரசீதை அனுப்புவது முக்கியம். ‘ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. தொகை போட்ட ஒரு தாள் வந்துவிட்டால் அதைக் கணக்குப் பிரிவு ஏதாவது செய்தாக வேண்டும்.

எவ்வளவு கேட்பது?

அந்தப் பத்திரிகை முறையாகக் கேட்டிருந்தால் என்ன வாங்கியிருப்பீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். அட்டைப்படமா, உள்பக்கத்தில் சின்னதா, எத்தனை பதிப்பு, இணையத்தில் எவ்வளவு நாள் இருந்தது என்பதையெல்லாம் வைத்து ஏறும். கேட்காமல் எடுத்ததற்கும் பெயரை வெட்டியதற்கும் தனித்தனி வரி போடுங்கள். முன்பு வேறு யாருக்காவது கொடுத்த ரசீது இருந்தால் இணையுங்கள். உங்கள் விலை கற்பனை அல்ல என்று அது காட்டும். இதுவரை விலைக்கே விற்றதில்லை என்றாலும் கேட்கலாம். முதல் விலையை நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்வார்கள்.

“லட்சம் பேர் பார்த்தார்களே, உங்களுக்குத்தானே விளம்பரம்” என்கிறார்கள்.

பெயரே இல்லாமல் யாருக்கு விளம்பரம்? பெயர் இருந்தாலும், அச்சகத்துக்குக் காகிதம் தருபவரிடமும் மை தருபவரிடமும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. நிருபருக்குச் சம்பளம் உண்டு, வண்டியில் கட்டு ஏற்றுபவருக்குக் கூலி உண்டு. அந்தப் பக்கத்தில் வாசகர் முதலில் பார்ப்பது படத்தைத்தான். அதைச் செய்தவருக்கு மட்டும் பெருமை போதும் என்பது நியாயமே இல்லை. செய்தி நிறுவனங்கள் தங்கள் எழுத்து என்று வந்தால் விட்டுக்கொடுப்பதில்லை. தங்கள் செய்திகளை அனுமதியின்றி எடுத்துச் சாட்ஜிபிடியைப் பயிற்றுவித்ததாக ஏஎன்ஐ நிறுவனம் ஓப்பன்ஏஐ மேல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2024 நவம்பரில் வழக்குப் போட்டது. அவர்கள் கேட்பது சரிதான். அதையேதான் நாமும் கேட்கிறோம்.

பதிலே வரவில்லை. அடுத்து?

ஒரு நினைவூட்டல் கடிதம், ஸ்பீடு போஸ்ட்டில். அதற்கும் பதில் இல்லை என்றால் வழிகள் சில.

பத்திரிகை இந்திய அச்சிதழ் என்றால் பிரஸ் கவுன்சிலில் புகார் செய்யலாம். பிறர் படைப்பைத் தனதாகக் காட்டுவதும் மூலத்தைச் சொல்லாமல் விடுவதும் அவர்களுடைய நடத்தை நெறிகளுக்கு எதிரானவை. முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் வெளியான இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். கவுன்சிலால் பணம் வாங்கித் தர முடியாது, எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும். ஆனாலும் ஆசிரியர் பதில் சொல்லியாக வேண்டிய ஓர் இடம் அது.

பத்திரிகை தன் முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்கிலும் படத்தைப் போட்டிருந்தால் அந்தத் தளத்திடம் பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். பெரும்பாலும் இதுதான் சீக்கிரம் வேலை செய்கிறது. 2013 பதிப்புரிமை விதிகளின்படி, முறையான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் மீண்டும் திறந்துவிடலாம்.

அதற்கும் மேல் வக்கீல் நோட்டீஸ், வழக்கு. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது 62-ஆம் பிரிவு தரும் பெரிய வசதி. திருநெல்வேலியில் இருப்பவர், பத்திரிகை அலுவலகம் சென்னையில் இருக்கிறது என்பதற்காக ரயில் ஏற வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளில் முதலில் சமரசப் பேச்சு கட்டாயம். பல ஓவியர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கும். உரிமை இருப்பது எங்களுக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்லை என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் இழப்பீடு சுருங்கிவிடும். முதலில் சொன்ன கையெழுத்து இங்கேயும் கைகொடுக்கும். குற்றவழக்கும் உண்டு: பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. என் கருத்தில், ஒரு படத்துக்காக ஒரு துணையாசிரியரைச் சிறைக்கு அனுப்ப நினைப்பது சரியல்ல. பணமும் பெயரும்தான் நமக்கு வேண்டும்.

செலவுக்குப் பயந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

பெரிய பத்திரிகையைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு வாய்ப்பு வருமா?

இந்தப் பயம் நியாயமானது. குறிப்பாகத் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு. அதனால்தான் முதல் கடிதம் மரியாதையாக இருக்கட்டும் என்கிறேன். ரசீது அனுப்பிய ஓவியரிடமே பிறகு முறையாக வேலை கேட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். வராமலும் போகலாம். ஆனால் காசு கொடுக்காமல் எடுத்துப் பழகிய இடத்திலிருந்து வரும் வாய்ப்பு என்ன வாய்ப்பு? தனியாக நிற்க முடியாவிட்டால் குழுவாக எழுதுங்கள். ஒரே இணைப்பிதழில் நான்கு பேரின் படம் போயிருந்தால் நால்வரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.

நான் பத்திரிகையில் சம்பளத்துக்கு வரைகிறேன். எனக்கு ஏதாவது உரிமை உண்டா?

உண்டு, அதுவும் பலர் நினைப்பதைவிட அதிகம். 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகை ஊழியர் அந்தப் பத்திரிகைக்காக வரைந்ததை இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டும் நிறுவனத்துக்கு. மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமையாளர் ஓவியர்தான். அந்தப் படத்தைக் காலண்டராகவோ கோப்பையாகவோ போட்டு விற்க நிறுவனம் உங்களைக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். தாங்களாக வரைந்த படத்தை வெளியிலிருந்து கொடுப்பவர்களுக்கு: உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்.

எடுத்தது வெளிநாட்டு இதழ் என்றால்?

பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகள் எல்லாம் ஒன்றின் படைப்புகளை மற்றொன்று பாதுகாக்கின்றன. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா எல்லாம் அதில் உண்டு. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. பிரிட்டனில் 10,000 பவுண்டு வரையிலான சின்ன வழக்குகளுக்குத் தனி எளிய நடைமுறை உண்டு.

என் பாணியில் ஏஐ படம் போட்டுக்கொள்கிறார்கள்.

பாணிக்குப் பதிப்புரிமை இல்லை. குறிப்பிட்ட ஒரு படத்தை அடையாளம் தெரியும்படி நகலெடுத்திருந்தால் மேலே சொன்னவை பொருந்தும். மற்றது பெரிய பேச்சு, தனியாக எழுத வேண்டியது.

நாங்கள் சின்னப் பத்திரிகை. ராத்திரி 9 மணிக்குப் பக்கம் முடிக்க வேண்டும், படத்துக்குக் காசும் இல்லை. என்ன செய்ய?

இது உண்மையான கஷ்டம். டெஸ்க்கில் இருப்பவர்கள் திருடர்கள் அல்ல, நேரமும் பணமும் இல்லாதவர்கள். விக்கிமீடியா காமன்ஸில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏராளமான படங்கள் இருக்கின்றன. பெயரும் உரிமமும் குறிப்பிட்டால் போதும். வேறு தளங்களில் ‘வணிகமல்லாத’ உரிமம் என்று இருப்பதை மட்டும் தொடாதீர்கள், உங்கள் இதழ் விலைக்குப் போகிறது. பொங்கலும் மகளிர் தினமும் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும். ஒரு மாதம் முன்பே நான்கைந்து ஓவியர்களிடம் பேசி, உங்களால் முடிந்த தொகையைச் சொல்லுங்கள். சிறுபத்திரிகைக்கு ஒரு பிரதியும் பெயரும் மட்டும் வாங்கிக்கொண்டு வரைந்து தரும் ஓவியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள். அவசரத்தில் யாருடைய படமாவது பிடித்துப்போனால் அவர் கணக்குக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: இன்ன இதழ், இன்ன தேதி, இவ்வளவு தர முடியும், சம்மதமா? இரவு 9 மணிக்கு ஓவியர்கள் பெரும்பாலும் விழித்துத்தான் இருப்பார்கள். பக்கம் மூடுவதற்குள் பதில் வரவில்லை என்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் போடுங்கள்.